மல்லிகை மணத்த ஸ்கான் அறை

“டொக்டர், உண்மையைச் சொல்லுங்க. இவ பிழைப்பாவா?”

ஸ்கான் அறைக்குள் காலை வைத்ததும் வைக்காததுமாக முனீப் கேட்டான். மூதூரில் கடை வைத்திருக்கும் மனுசன். ஒரு கையில் குழந்தை, மறுகையில் பால் போத்தல். பக்கத்தில் மனைவி ரிப்கா தலைகுனிந்து நின்றாள். அவளுடைய மார்பில் ஒரு கட்டி. இறுக்கத்தை அளக்கும் ஸ்கானை வேறோரிடத்தில் செய்தார்களாம். கட்டி கல்லாய் இறுகியிருக்கிறது, புற்றாக இருக்கலாம் என்றார்களாம்.

தாதி பிரசாந்தினி ரிப்காவைக் கட்டிலுக்குக் கூட்டிப் போனாள். துப்புத் துலக்கும் ஆசை யாரை விட்டது! ஜன்னல் வழியே வந்த துறைமுகக் காற்றின் எண்ணெய் வாடையை மீறி அறையில் மல்லிகை மணத்தது.

“சென்ட் போட்டிருக்கிறா போல” என்று டொக்டர் பிரியதர்சினியின் காதைக் கடித்தாள்.

“சென்ட் இப்படி வாடின மணம் மணக்காது, பிள்ளை.”

முனீப் குழந்தையோடு வெளியே போனான். டொக்டர் அழுத்தாமல், மெல்லத் தொட்டு ஸ்கான் செய்தார். கட்டி இறுகித்தான் இருந்தது. வெளியே குழந்தை வீரிட்டது. அவ்வளவுதான், ரிப்காவின் மார்பில் பால் கசிந்தது.

“இவ்வளவு பால் இருக்கேக்க போத்தல் என்னத்துக்கு?” டொக்டர் நிதானமாகக் கேட்டார். “தோலில துணி இறுக்கின தழும்பு, அதோட மல்லிகை மணம். பால் வத்தட்டும் எண்டு பூவை வைச்சுக் கட்டியிருக்கிறீங்கள், என்ன?”

ரிப்கா உடைந்துபோனாள். “ஓம் டொக்டர். கட்டி கையில தட்டுப்பட்ட அண்டைக்கே நிப்பாட்டிட்டன். நோய் பாலோட புள்ளைக்குப் போயிருமோ எண்டு பயம். மச்சானிட்ட பால் இல்லையெண்டு பொய் சொன்னன்” என்று வெளியே நின்ற கணவன் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

டொக்டர் முனீப்பையும் உள்ளே கூப்பிட்டார். “புற்றுக்கட்டி தானாகவே இறுகும். அந்த இறுக்கமே கலங்களை, அதான் புற்றுச் செல்களை, பரவவும் தூண்டும். அதாலதான் அளக்கிறம். ஆனா பால் முட்டினாலும் மார்பு இறுகும், காத்தடிச்ச பந்து மாதிரி. ஸ்கான் பொய் சொல்லேல்ல; பால் கட்டின மார்பை அளந்திருக்கு. நோய் பாலோட போகவும் மாட்டாது. பிள்ளைக்குக் குடுங்கோ, பிறகு பாப்பம்.”

“ஏலாது டொக்டர்.” ரிப்கா பின்வாங்கினாள். “முதல்ல தெரியட்டும்.”

அந்தப் பயத்தைப் பார்க்கப் பாவமாயிருந்தது. பம்பு வைத்துப் பாலை எடுத்துவிட்டு மறுபடி ஸ்கான் செய்தார்கள். கட்டி நன்றாக இளகியிருந்தது. பிரசாந்தினி துள்ளாத குறை.

“பொறும். ஊசியால எடுத்துப் பாத்தாத்தான் உறுதி” என்று டொக்டர் தடுத்தார்.

ரிப்கா கண்ணை மூடிக்கொண்டாள். முனீப் அவள் கையைப் பிடித்தான். ஊசிக்குள் கெட்டியாக வெள்ளை ஏறியது. ஏற ஏறக் கட்டி தட்டையாகி இல்லாமலே போனது.

“தேங்கின பால், ரிப்கா. புற்றில்லை.”

அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. குழந்தைக்காகக் கையை நீட்டினாள். இத்தனை நாள் மறுக்கப்பட்ட பயல் முதலில் முகத்தைத் திருப்பினான்; பிறகு பாய்ந்து கவ்விக்கொண்டான். அப்போதுதான் அவள் விம்மினாள்.

“குடி வாப்பா... குடி.”