மூன்றாம் தர வேலி

காலை ஏழு மணிக்குக் கழுவு வண்டி வந்துவிடும். ஓட்டுநர் இல்லாத வண்டி. ஆற்றோரக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தரையை முகர்வதுபோல மூக்கை நீட்டிப் பார்க்கும். ராத்திரி யாராவது வாந்தி எடுத்திருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகரும். பினாயிலும் புளித்த வாடையும் கலந்து வெகுநேரம் தெருவில் நிற்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு காப்பி குடிக்க அங்கே எல்லோரும் பழகியிருந்தார்கள்.

உலகம்மையின் வீட்டு வாசலில் மட்டும் அந்த வண்டி தண்ணீர் அடித்ததே இல்லை. அவளுக்கு அது நிம்மதி. அவள் கணவன் ஆவுடைநாயகத்துக்கு அவமானம்.

“பாரு, நம்ம வாசல் மட்டும் காய்ஞ்சு கிடக்கு. திருடன்கிட்ட வா வான்னு சொல்ற மாதிரி.”

அவன் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. திருநெல்வேலியில் பூட்டு என்ற பொருளுக்கு மதிப்புப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, பூட்டறுப்பி என்று பெயர், இரும்புப் பூட்டோ எண் பூட்டோ கைரேகைப் பூட்டோ எதுவானாலும் சத்தமில்லாமல் திறந்துவிடும். கேமரா வைத்தவர்கள் வீட்டில் திருடர்கள் வேறு யார் முகத்தையோ காட்டும் ஒளிமுகம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பதிவில் தெரிந்தது யாரோ ஒரு பாவப்பட்ட பள்ளிக்கூட வாத்தியாரின் முகம். மின்கம்பி வேலியில் சாப்பாடு கொண்டுவந்த ஒருவன் செத்த பிறகு அதையும் தடைசெய்தார்கள். மிஞ்சியது எந்தக் கருவியாலும் அறுக்க முடியாத ஒன்றுதான்: திருட வருகிறவனின் வயிறு.

அதற்குத்தான் குமட்டு வேலி வந்தது. மதில் ஓரத்தில் குழாய்மாதிரி நாலைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத ஆவி ஒன்றை விட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீட்டு ஆவிக்கும் தனியாக ஓர் இசைவுத் துளி உண்டு. மாதம் ஒருமுறை அதை மூக்கில் விட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விடாதவர்கள் வாசலைத் தாண்ட முடியாது.

கார்த்திகையில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் களவு போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆவுடைநாயகம் வேலி விற்கும் நிறுவனத்திலிருந்து ஆளை வரவழைத்துவிட்டான். ஷைனி என்று ஓர் இளம்பெண். சுத்தமான பருத்திச் சேலை, சிரித்த முகம்.

“மூணு தரம் இருக்கு சார். முதல் தரம், சும்மா ஒரு சங்கடம். மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள வந்துருவாங்க. ரெண்டாவது, வாந்தி வரும், ஆனா அடுத்த நாள் தெம்பாயி மறுபடி வருவாங்க. மூணாவதுதான் இப்ப எல்லாரும் போடுறது. நினைவுத் தரம்.”

“அப்படின்னா?” என்றாள் உலகம்மை.

“கெட்டுப்போன மீனைத் தின்னு ஒருதடவை வாந்தி எடுத்தா, அப்புறம் மீனைப் பாத்தாலே குமட்டும் இல்லையா அக்கா? அதேதான். குமட்டுற நேரத்துல கண்ணு முன்னால என்ன இருக்கோ, அதை உடம்பு பிடிச்சு வச்சுக்கும். திருடன் இந்த வீட்டைப் பாத்துக்கிட்டே வாந்தி எடுப்பான். அப்புறம் ஆயுசுக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான். அவன் உடம்புல ஒரு கீறல் இருக்காது. சட்டத்துலயும் ஒரு குத்தம் சொல்ல முடியாது.”

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தாள். உலகம்மைக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்றாம் தர வேலி போட்டிருக்கும் எதிர்வீட்டுக்காரி நினைவுக்கு வந்தாள். அவள் வாசலுக்கு வந்து நின்றால் தெருவில் போகிற கீரைக்காரரின் முகம் கோணும். அதை அவள் மரியாதை என்று எடுத்துக்கொள்வாள்.

“ரெண்டாவதே போதுமே,” என்றாள்.

“போட்டா மூணாவது போடணும்,” என்றான் ஆவுடைநாயகம். “எத்தனை பேருக்குத் துளி தருவீங்க?”

“எத்தனை பேர் வந்து போவாங்க சார்?”

“நாங்க ரெண்டு பேரு. அப்புறம் என் தம்பி,” என்று உலகம்மை முந்திக்கொண்டு சொன்னாள். “இசக்கிராஜா. வாரம் தவறாம வருவான்.”

“அதெல்லாம் நான் பேசிக்கிறேன்,” என்றான் ஆவுடைநாயகம்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது இரண்டு தடவை கேட்டாள். “தம்பிக்குத் துளி அனுப்பியாச்சா?” இரண்டு தடவையும் “அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு” என்று பதில் வந்தது. தம்பியிடம் அவள் கேட்கவில்லை. கட்டின புருஷன் சொன்ன பிறகு எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டாள்.

இசக்கிராஜாவுக்கு வண்ணார்பேட்டையில் பறவி பழுதுபார்க்கும் கடை. பொருள் கொண்டுவரும் சின்னச் சின்னப் பறக்கும் இயந்திரங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கை முழுக்கப் பசையும் மையுமாக இருப்பான். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் உலகம்மைதான். பேசும்போது பாதி வாக்கியத்தில் சிரித்துவிடுகிற பழக்கம் அவனுக்கு. தென்காசியில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண் பெயர் செண்பகவல்லி. கல்யாண வேலையாக அலைந்ததில், வேலி போட்டதிலிருந்து அவன் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை.

மார்கழி பாதியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவன் பத்திரிகை வைக்க வந்தான். வெள்ளை வேட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை. ஆவுடைநாயகம் அலுவலகம் போயிருந்தான். உலகம்மை அடுக்களையில் அவனுக்குப் பிடித்த உளுந்தஞ்சோறு வைத்துக்கொண்டிருந்தாள். “அக்கா” என்று குரல் கேட்டது. அடுத்து தாம்பாளம் கீழே விழுகிற சத்தம்.

ஓடி வந்தாள். அவன் வாசலில் மண்டியிட்டுக் கிடந்தான். பழம் உருண்டு சாக்கடை வரை போயிருந்தது. வாந்தி வேட்டியெல்லாம் வழிந்து, மஞ்சள் தடவிய பத்திரிகையின் மேலும் விழுந்திருந்தது. ஒன்றுமில்லாத வயிற்றிலிருந்து பச்சையாகப் பித்தம் வந்தது. அப்போதும் விடவில்லை, உள்ளிருப்பதையெல்லாம் யாரோ கைவிட்டு வெளியே இழுப்பதுபோல அவன் உடம்பு வளைந்து வளைந்து குலுங்கியது.

“ராஜா! என்னடா ஆச்சு?” அவள் அவன் முகத்தைப் பிடித்துத் தன்பக்கம் திருப்பினாள். நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். “அக்காவைப் பாரு. என்னைப் பாருடா.”

அவன் பார்த்தான். கண் சிவந்து நீர் கோத்திருந்தது. பார்த்துக்கொண்டே மறுபடி வாந்தி எடுத்தான், அவள் கையிலேயே.

பிறகு அவளைத் தள்ளிவிட்டான். “கிட்ட வராதக்கா. தள்ளிப் போ. ஐயோ, போயிரு.” தவழ்ந்து தெருமுனை வரை போனான். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ஷைனியைத் தொலைபேசியில் பிடித்தாள் உலகம்மை. “தம்பிக்குக் கொடுத்த துளி சரியில்ல போல. வாசல்லயே விழுந்துட்டான்.”

“தம்பிக்கா? சார் ரெண்டு பேருக்குத்தான்கா வாங்கினாரு. மூணாவது வேணுமான்னு நான் கேட்டேன், வேண்டாம்னு சொல்லிட்டாரு.”

உலகம்மையின் கையில் தம்பியின் வாந்தி காய்ந்துகொண்டிருந்தது.

“இப்பவாவது குடுங்க. அவனுக்குக் கல்யாணம்மா.”

“குடுக்கலாம்கா, ஆனா ஏற்கெனவே பதிஞ்சது போகாது. அது உடம்புக்குள்ள போயிருச்சு.” பிறகு ஷைனி கேட்டாள். “குமட்டும்போது அவரு எதைப் பாத்துக்கிட்டு இருந்தாரு? வீட்டையா?”

“என்னை,” என்றாள் உலகம்மை.



சாயங்காலம் ஆவுடைநாயகம் வந்தான். வாசல் கழுவி ஈரமாக இருப்பதைப் பார்த்து, “அட, வேலை செய்யுதே!” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

“ராஜாவுக்கு ஏன் துளி வாங்கல?”

அவன் திடுக்கிட்டான். பிறகு சமாளித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். “உக்காரு, சொல்றேன். களவு போற வீட்டுல பாதி, தெரிஞ்சவன் மூலமாத்தான் போகுது. அவன் எடுப்பான்னு நான் சொல்லல. அவன் கடைக்கு வர்ற பசங்களைப் பாத்திருக்கியா? பூட்டறுப்பியைப் பழுது பாக்குறவனும் அங்கதான் உக்காந்திருப்பான். இவன் வாய் வேற சும்மா இருக்காது. அக்கா வீட்டுல அது இருக்கு, இது இருக்குன்னு...”

“அனுப்பியாச்சுன்னு சொன்னீங்க.”

“சொல்லலைன்னா நீ விடமாட்டே.”

“அவன் உள்ள வரக் கூடாதுன்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாம். அவன்கிட்டச் சொல்லியிருக்கலாம். நாயை விரட்டுற மாதிரி...”

“சொல்லி மனஸ்தாபம் எதுக்கு? இது சத்தமில்லாம முடிஞ்சிரும். ரெண்டு தடவை வயித்தைப் பிரட்டினா அவனா வர்றதைக் குறைச்சுக்குவான்னு நினைச்சேன்.” குரலைத் தாழ்த்தி, “உன் முகம் பதியும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ எதுக்கு ஓடிப் போய்ப் பிடிச்சே?” என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். பதின்மூன்று வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட முகம். சோற்றைப் பிசையும்போது அவன் விரல் இடுக்கில் பிதுங்கும் பருக்கைகளை அன்று ராத்திரி சாப்பாட்டில் முதன்முறையாகக் கவனித்தாள். மெல்லும்போது தாடையிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

தம்பியிடம் தினமும் பேசினாள். குரல் கேட்டால் அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. முகம் பார்த்துப் பேசலாம் என்று ஒரு நாள் தொலைபேசித் திரையைத் திறந்தபோது, “அக்கா, அணைச்சிரு, அணைச்சிரு” என்று திக்கினான். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அழுதான்.

“உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. மனசு நல்லாத்தான் இருக்கு. இந்த வயிறுதான்... நாத்தம் பிடிச்ச எதையோ பாத்த மாதிரி அதுவா பிரட்டுது. உன்னைப் போயி. சீ, என்ன உடம்புக்கா இது.”

“கல்யாணத்துக்கு நான் பின்னால நின்னுக்கிடுதேன்.”

“நீதான் முடிச்சுப் போடணும். வேற யாரு போட்டாலும் நான் தாலி கட்ட மாட்டேன்.”

தை மாதம் தென்காசியில் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று கூட்டம் சிரித்தது. தாலியில் முதல் முடிச்சை அவன் தடவித் தடவிப் போட்டான். செண்பகவல்லிக்குப் பின்னால் நின்ற உலகம்மை மற்ற இரண்டு முடிச்சையும் போட்டாள். கயிறு ஒருமுறை நழுவியது. மணப்பெண் கழுத்தைப் பின்னால் சாய்த்து, “பதறாம போடுங்க மைனி” என்று முணுமுணுத்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அதோடு உலகம்மை மேடையை விட்டு இறங்கியிருப்பாள். ஆவுடைநாயகம் விடவில்லை. “ஆசீர்வாதம் பண்ணாம போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?” என்று முழங்கையைப் பிடித்து மேடையிலேயே நிறுத்தினான். புரோகிதர் மைக்கில் அழைத்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து காலில் விழுந்தார்கள். எழுந்திருக்கும்போது ராஜா தடுமாறினான். பிடிமானத்துக்காக ஒரு கணம் கண்ணைத் திறந்தான்.

மேடைப் பூவின் மேலும், உலகம்மையின் பட்டுச்சேலைக் கரையிலும், அவள் பாதத்திலும் தெறித்தது. நாதஸ்வரம் நின்றது. யாரோ சோடா கொண்டுவர ஓடினார்கள். “ராத்திரி கண்டதைத் தின்னிருப்பான்” என்றது ஒரு குரல். தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மணமகன் அறைக்குள் ஓடினான். மூடிய துண்டுக்குள்ளிருந்து “அக்கா, மன்னிச்சிரு” என்று கேட்டது.

ஆவுடைநாயகம் அவள் காதருகே குனிந்தான். “ஒரே தடவைதான் பட்டான். இத்தனை நாளாச்சு, இன்னும் எப்படிப் பிடிச்சு நிக்குது பாரு. நல்ல சாமான்தான்.”

அவன் மூச்சு கன்னத்தில் பட்டது. உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடி, எச்சில் இலைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். குடல் வெளியே வந்துவிடும் போல இருந்தது. அவன் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்து முதுகில் கை வைத்தபோது இன்னும் அதிகமாக வந்தது.

“தொடாதீங்க,” என்றாள். “நீங்க ஊருக்குப் போங்க. நான் வரல.”

சமாதானம் பேச இரண்டு மூன்று பேர் வந்தார்கள். அடித்தானா, குடித்தானா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பிறகு என்ன என்று கேட்டார்கள். சாப்பாட்டில் அவருக்கு எதிரில் உட்கார முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். அது ஒரு காரணமா என்று போய்விட்டார்கள்.

தென்காசியிலேயே ஒரு பள்ளி விடுதியில் மேற்பார்வை வேலை கிடைத்தது. கடைத்தெரு மாடியில் ஓர் அறை. வேலி கிடையாது. தாழ்ப்பாள்கூட லொடலொடவென்று ஆடும். ஒருமுறை யாரோ உள்ளே வந்து குக்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வேறொன்று வாங்கினாள்.

தம்பி ஞாயிறுதோறும் பெண்டாட்டியோடு மாமனார் வீட்டுக்கு வந்தான். செண்பகவல்லி மட்டும் மாடி ஏறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். “அவுக கீழ நிக்காக மைனி” என்பாள். உலகம்மை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். எதிர்ச்சாரியில், சைக்கிள் கடை ஓரம், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபடி, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அவன் பேசுவான்.

பங்குனியில் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் படி இறங்கினாள். தெருவைத் தாண்டினாள். பிடரியில் முடி ஒழுங்காக வெட்டப்படவில்லை. சட்டைக் காலரில் மசி. ஒரு முழத் தூரத்தில் நின்றாள்.

“சாப்பிட்டியாக்கா? என்ன சத்தத்தையே காணோம்?” என்று அவன் தொலைபேசியில் கேட்டான்.

“சாப்பிட்டேன்டா,” என்றாள். அவள் குரல் தொலைபேசியிலும் முதுகுக்குப் பின்னாலும் ஒன்றாகக் கேட்டது.

அவன் தோள் விறைத்தது. கழுத்து அவள் பக்கம் அசைந்தது.

“திரும்பாத ராஜா,” என்று சொல்லி, அவன் முதுகில் கையை வைத்தாள்.

அவன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கைக்கடியில் அவன் முதுகு குலுங்கியது. அழுகையா குமட்டலா என்று தெரியாமல், கையை எடுப்பதா வேண்டாமா என்று புரியாமல், அப்படியே நின்றாள்.