பல் டாக்டரின் ஏழு ஜோடி பேரிங்

பழைய சைக்கிளுக்குள் புத்தம்புது பேரிங் இருந்தால் யாராக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். என் அக்கா சந்தோஷப்பட்டாள்.

"பாத்தியா, நமக்காகவே புதுசா மாத்தி வச்சிருக்கார்," என்றாள்.

"நமக்காகன்னு அவர் சொன்னாரா?"

"துருவி, ஆரம்பிக்காதே."

துருவி என்பது நான்தான். எதையும் துருவித் துருவிக் கேட்கிறேன் என்று வீட்டில் வைத்த பெயர். அக்கா அப்படியில்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவாள். போன தடவை ஒருவர், "சும்மா கல்லு மாதிரி இருக்கும்" என்று சொன்னதை நம்பி ஒரு கார்பன் பிரேம் வாங்கி வந்தாள். மூன்றாவது வாரம் இறக்கத்தில் அது இரண்டாக முறிந்தது. இரும்பு என்றால் முதலில் வளையும், நமக்கும் தெரிந்துவிடும். கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துவிடும். அக்காவின் தாடையில் ஐந்து தையல்.

அதிலிருந்து அப்பா ஒரே பிடிவாதமாக இருந்தார். "அடுத்த பிரேமைச் சின்னவ பாக்கணும். அவ சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன். இல்லேன்னா சைக்கிளும் கிடையாது, பந்தயமும் கிடையாது."

சைக்கிள் பந்தய அணித் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சக்கரம், பிரேக், ஹேண்டில் எல்லாம் அக்காவிடம் இருந்தன. பிரேம் மட்டும் இல்லை. இரண்டு வருடமாக விடியற்காலையில் எழுந்து மிதித்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். இன்னொரு முறை அவள் தாடையில் இரத்தத்தைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று எனக்குப் பயம்.

விற்பவர் ஒரு பல் டாக்டர். வீட்டின் முன்னறையில் பல் பிடுங்குவார். பின்னறையில் சைக்கிள் வைத்திருந்தார். இதுவும் கார்பன்தான். கறுப்பு பிரேம், ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. அக்காவும் டாக்டரும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்பதால் அளவும் சரியாக இருந்தது. அக்கா அதைத் தடவிய விதத்திலேயே வாங்குவதாக முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்தது.

நான் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தேன்.

"அது எதுக்கும்மா?" என்றார் டாக்டர்.

"தட்டிப் பாக்கத்தான். உள்ளே விரிசல் இருந்தா சத்தம் மந்தமா வரும்."

ஒரு விரல் இடம் விடாமல் தட்டினேன். டிங், டிங் என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கணீரென்று கேட்டது. ஸ்டிக்கருக்கு அடியிலும் தட்டினேன். கைவிளக்கை அடித்து உள்ளேயும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"என் பேஷண்ட் பல்லைக்கூட நான் இவ்வளவு தட்டினதில்லை," என்றார் டாக்டர். அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"பிரேம் ரெண்டு வருஷப் பழசு. பேரிங் மட்டும் ஏன் புதுசு?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சு, பிரேமின் அடிப்பகுதியில் ஒரு துளைக்குள் சுழலும். அந்தத் துளையில் பக்கத்துக்கு ஒரு பேரிங். நல்ல பேரிங் பல ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும். சும்மா யாரும் மாற்ற மாட்டார்கள்.

"உழைக்கிற பேரிங்கா இருக்கட்டும்னு போட்டேன். இருக்கறதுலயே நல்லது," என்றார் டாக்டர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

நானும் அந்தச் சுவரைப் பார்த்தேன். அங்கே ஓர் அலமாரி. அதில் பல் அச்சு போட்டு வைக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தது. ஒரு டப்பாவுக்குள் ஏதோ பளபளத்தது. நிச்சயம் பல் இல்லை.

எட்டிப் பார்த்தேன். பேரிங். பக்கத்து டப்பாவிலும் பேரிங். வரிசையாக ஆறு ஜோடி. எட்டு மாதத்துக்குள் ஆறு தேதிகள். சைக்கிளில் இருப்பதையும் சேர்த்தால் ஏழு ஜோடி. ஒன்றை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெயாகச் சுழன்றது. தேயாத பேரிங்கை ஒருவர் ஏன் கழற்ற வேண்டும்?

"அக்கா," என்றேன் மெதுவாக. "இதுல என்னமோ இருக்கு."

"ஓட்டிப் பாருங்களேன்," என்றார் டாக்டர் அவசரமாக. "முன்னாடித் தெரு நல்லா சமமா இருக்கும்."

சமமான தெரு. நான் அதைக் கவனித்துக்கொண்டேன். அக்கா இரண்டு சுற்று ஓட்டினாள். சத்தமே இல்லை.

"தெருக்கோடில ஒரு மேடு இருக்கே. அதுல ஏறிப் பாக்கலாமா?" என்றேன்.

டாக்டரின் முகம் சுருங்கியது. "மேடா? எதுக்கும்மா? மழை வர்ற மாதிரி இருக்கு."

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

அக்கா மேட்டில் ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். டாக்டர் கீழே நின்றார். பத்தடி போனதும் கேட்டது. கிர்க். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கிர்க். திரும்பிப் பார்த்தேன். டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரும்பி நின்றிருந்தார்.

மேட்டின் கடைசிப் பகுதி ரொம்பச் செங்குத்து. அக்கா சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். அப்போது சத்தம் நின்றுவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே அதையும் கவனித்து வைத்தேன்.

நாங்கள் இறங்கி வந்தபோது டாக்டர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லியிருக்கணும், தப்புதான்," என்றார். "எட்டு மாசமா அந்தச் சத்தம் என்னைப் பாடாப் படுத்துது. சைக்கிள் கடைக்காரர் பேரிங்தான்னு சொன்னார். மாத்தினேன். போகலை. இன்னும் உழைக்கிறதா வாங்கினேன். போகலை. வெளிநாட்டு பேரிங்கும் போட்டேன். ஏழாவதைப் போட்டப்புறம் மேட்டுல ஏறிப் பாக்கவே இல்லை. சத்தம் போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டே வித்துடலாம்னு பாத்தேன்."

அக்கா தாடைத் தழும்பைத் தடவினாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரியவர், கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"இதைப் பாத்தாலே எரிச்சலா வருது," என்று எழுந்தார் டாக்டர். "தூக்கிப் போடத்தான் போறேன். வேணும்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க." உள்ளே யாரோ பல்வலியில் முனகினார்கள். "இதோ வந்துட்டேன்," என்று உள்ளே போனார்.

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னொரு தடவை ஏறு. பாதி உக்காந்து மிதி, பாதி நின்னு மிதி."

ஏறினாள். உட்கார்ந்தால் கிர்க். நின்றால் ஒன்றும் இல்லை. திரும்ப உட்கார்ந்தால் கிர்க். நின்று மிதிக்கும்போதுதான் பேரிங்குக்குப் பாரம் அதிகம். பேரிங் கெட்டிருந்தால் அப்போதுதானே கத்த வேண்டும்?

"அக்கா, சத்தம் கீழேயிருந்து வரலை. சீட்லேருந்து வருது."

அக்காவின் கண் விரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்போ பிரேம் நல்ல பிரேம். சும்மாவே தரேன்னு சொல்லிட்டார். பேசாம எடுத்துட்டுப் போய் வீட்ல சரி பண்ணிக்கலாமா?"

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆசையின் மீதே எனக்குச் சந்தேகம் வந்தது.

"அவர் சத்தத்தை நம்மகிட்ட சொல்லலைன்னுதானே இப்போ கோபப்பட்டோம்? நாமளும் சொல்லாம எடுத்துட்டுப் போனா எப்படி?"

அக்கா பெருமூச்சு விட்டாள். "போய்ச் சொல்லு. நான் சொன்னா அழுதுடுவேன்."

நான் சொன்னதைக் கேட்டதும் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். சீட்டைத் தாங்கும் குழாயைத் திருகி வெளியே உருவினார். அதைச் சுற்றிலும் காய்ந்த மண். பஞ்சால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கார்பனுக்கு சாதாரண கிரீஸ் ஆகாது. மணல் போல நறநறக்கும் பசை ஒன்று உண்டு. அதைத் தடவிப் பொருத்தினார்.

"நான் நின்னு மிதிக்கிறதே இல்லை. முழங்கால் ஒத்துக்காது," என்றார். "அதான் கண்டுபிடிக்க முடியலை. வலிக்கிற பல்லை விட்டுட்டு நல்ல பல்லா ஆறு தடவை பிடுங்கியிருக்கேன்."

ஏறி உட்கார்ந்தார். மேட்டில் ஏறினார். உச்சியைத் தாண்டினார். ஆளைக் காணோம்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. உள்ளே பல்வலிக்காரர் இருமினார்.

"அவ்வளவுதான்," என்றாள் அக்கா. "அவர் சைக்கிள் அவருக்குக் கிடைச்சிடுச்சு."

அவள் சொன்னது சரிதான். திரும்பி வந்த டாக்டரின் முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் பல். "மன்னிச்சுக்கங்கம்மா. இதை நான் விக்கப் போறதில்லை."

அக்கா தலையாட்டினாள். எப்போதும் போலத்தான் ஆட்டினாள், ஆனால் உதடு நடுங்கியது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அது உண்மை, மறைப்பானேன்.

டாக்டர் சைக்கிளை விட்டு இறங்கி, ஹேண்டிலை அக்காவின் பக்கம் திருப்பினார்.

"விக்கப் போறதில்லைன்னுதான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு வேணும். மத்த நாளெல்லாம் நீ ஓட்டு. தேர்வுக்கும் இதுலயே போ. உனக்குன்னு ஒண்ணு அமையற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

அக்கா உடனே ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். நான் விடவில்லை.

"எதுக்கு எங்களுக்குத் தர்றீங்க?"

"நீ சொல்லாம விட்டிருந்தா இது சும்மாவே உங்க வீட்டுக்கு வந்திருக்கும். அது தெரிஞ்சுதானே வந்து சொன்னே?"

"ஆமா."

"அப்புறம் என்ன கேள்வி?"

யோசித்துப் பார்த்தேன். அதில் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும் அக்காவை இன்னொரு தடவை மேட்டில் ஏறச் சொன்னேன்.

டாக்டரும் நானும் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். அக்கா உட்கார்ந்து மிதித்தாள், நின்று மிதித்தாள், திரும்ப உட்கார்ந்து மிதித்தாள். பாதி மேடு போன பிறகும், "நம்ம துருவி என்ன சொல்றா?" என்று அவள் கத்தியது மட்டும்தான் கேட்டது.

அக்காவின் பையிலிருந்து போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, நான் சரின்னு சொல்லிட்டேன்," என்றேன்.