உரசும் இடம்

"கதவு ஒட்டுதுன்னா கதவைத் திட்டக் கூடாது. எங்க உரசுதுன்னு அதுகிட்டயே கேட்கணும்."

"கதவுகிட்டயா கேட்கச் சொல்றீங்க?"

"என்கிட்ட கேட்டா அடுத்த மழைக்குத்தானே செய்வேன்."

"போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க."

கணவர் சிரித்துக்கொண்டே அவளுடைய தையல் மேசையிலிருந்த நீலச் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் கட்டடங்களில் எந்தக் கதவும் அவர் சொன்னால் திறக்கும், அவர் சொன்னால் மூடும். சொந்த வீட்டுக் கதவுக்கு மட்டும் வருஷக்கணக்கில் வாய்தா. அன்றைக்கு என்ன தோன்றியதோ, நிலைச்சட்டத்தின் உள்பக்கம் நெடுகச் சாக்கட்டியைத் தேய்த்து, கதவைச் சாத்தித் திறந்து காட்டினார். கதவின் விளிம்பில் எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது, அந்த இடத்தை மட்டும் இழைத்தால் போதும் என்றார். அதற்கும் முன்னால் கீலைப் பார்க்க வேண்டுமாம். திருகு ஆடினால் துளையில் தீக்குச்சியைப் பசையோடு செருகி மறுபடி முடுக்க வேண்டுமாம். மழைக்காலத்தில் ரொம்ப இழைத்துவிடக் கூடாது, வெயில் வந்ததும் மரம் சுருங்கி இடைவெளி விழுந்துவிடும் என்று எச்சரித்தார். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அவர் இறந்துபோன பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. சாக்கட்டி இப்போது அவள் கையில் இருந்தது, அவர் நோயில் படுத்திருந்த அறையின் கதவு அவளுக்கு முன்னால் ஊதிப் பெருத்து நின்றது.

சாயங்காலம் மகள் வருகிறாள், குழந்தையோடு. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, மகளுக்கும் விடுப்பு முடிந்துவிட்டது. இனி பேரன் குண்டு இவளிடம்தான் வளரப்போகிறான். முன்னறை முழுக்கத் தையல் மிஷினும் குண்டூசியும். தவழ்கிற பிள்ளையை அங்கே விட முடியாது. இருப்பது இந்த ஒரே அறை. அவனை உள்ளே படுக்க வைத்திருக்கும்போது கதவு சிக்கிக்கொண்டால்? தச்சரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மழை விடட்டும் அக்கா என்றுவிட்டார்.

தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினாள். அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஈரத்தில் ஊதிய கதவு அடம்பிடித்து நின்று, பிறகு டப்பென்று விடும். இது அப்படி விடவில்லை. மெதுவாக, மெத்தென்று, பின்னால் சாய்ந்திருந்த யாரோ மனசில்லாமல் நகர்ந்துகொடுப்பது போல உள்ளே போனது. அறையில் மழையின் சாம்பல் வெளிச்சம் கட்டிலின் வெற்றுப் பலகைகள்மேல் படிந்திருந்தது. ஓட்டிலிருந்து வடிகிற தண்ணீர் ஜன்னலுக்கு வெளியே ஒரே இடத்தில் விழுந்து மண்ணைக் குடைந்துகொண்டிருந்தது. பினாயில் போட்டு எத்தனை முறை கழுவியும் போகாத அந்த வாசனை, வலித் தைலமும் பவுடரும் நனைந்த ரப்பர் விரிப்பும் கலந்தது, சுவரிலிருந்து மூச்சு விடுவதுபோல வந்தது.

அசதி, வேறென்ன, என்று நினைத்துக்கொண்டாள். அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்த வருஷங்களில் இடுப்பில் ஏறிய வலி இன்னும் இறங்கவில்லை.

கீலின் திருகுகள் கெட்டியாகவே இருந்தன. சாக்கட்டியைத் தேய்த்தாள். சாத்தினாள். திறந்தாள். மேல் மூலையில் நீலம். நல்லது. ஸ்டூலில் ஏறி, இழைப்புளியை அவர் பிடிக்கிற மாதிரியே பிடித்து, மெல்லிய சுருள்களாக மரத்தைச் சீவினாள். உப்புத்தாளால் தேய்த்தாள். மறுபடி சாக்கட்டி, மறுபடி சாத்தல்.

கதவு இன்னும் கெட்டியாகப் பிடித்தது.

தள்ளித் திறந்து விளிம்பைப் பார்த்தாள். எங்கும் நீலம் இல்லை. எதிலும் உரசவில்லை. அறைக்குள் நுழைந்து கதவின் உள்பக்கம் பார்த்தாள். கீழே, முழங்காலுக்கும் கீழே, பலகையின் நடுவில் நான்கு நீலப் பொட்டுகள் இருந்தன. வரிசையாக. தன் கை பட்டிருக்கும் என்று குனிந்து விரல்களை மடக்கி, முட்டிகளை அந்தப் பொட்டுகள்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அவள் கை சின்னது.

மடக்கிய கை.

பக்கவாதம் வந்தபோது அவருடைய பேச்சு போனது, வலது கால் போனது. வலது கை மட்டும் வேறு மாதிரி ஆனது. எப்போதும் மடங்கியே இருக்கும். எதையாவது பிடித்துவிட்டால் விடாது, விட அதற்குத் தெரியாது. ஒருமுறை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டபோது, நர்ஸம்மா வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் மகள் குழந்தையைக் கொண்டுவந்தபோதெல்லாம் கட்டில் அருகே விடவில்லை. அவர் "ம்ம்" என்பார். கண்கள் குழந்தையின் பின்னாலேயே போகும். அந்தக் கை விரிப்பிலிருந்து எழும்பும். அவர் என்ன கேட்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி, அவன் தூங்குறான்ப்பா, அடுத்த தடவை பார்க்கலாம் என்பாள் மகள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அடுத்த தடவை வருவதற்குள் போய்விட்டார்.

ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

பக்கவாட்டில் இன்னும் ஒரு சீவு சீவினாள். மெழுகுவத்தியை விளிம்பில் தேய்த்தாள். சாக்கட்டி தேய்த்து, சாத்தி, நின்றாள். மரத்தின் அந்தப் பக்கம் ஏதோ இழுபட்டது. துணி தரையில் இழுபடுகிற மாதிரி. நின்றது. மறுபடி இழுபட்டது. பிறகு, முக்கி முனகி எடையைத் தூக்குகிற ஒருவருடைய மூச்சு.

எலியாக இருக்கும்.

திறந்தாள். நான்கு நீலப் பொட்டுகள், இடுப்பு உயரத்தில்.

அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒவ்வொரு வாரமும் சொல்வாள், ஒருநாள் எழுந்து நிற்பார் பாருங்கம்மா என்று. எழுந்து நின்றதேயில்லை. இப்போது அந்தப் பொட்டுகளைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில், அவளுக்குள் ஒரு கணம் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பரவாயில்லையே, முன்னேற்றம்தான் என்று. அந்த நினைப்பு வந்த பிறகுதான் அவள் அறையைவிட்டு வெளியே பாய்ந்தாள்.

துடைக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியிலிருந்து.

போன் செய்தாள். வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது என்றாள் மகள். இன்றைக்கு எல்லாரும் முன்னறையில் படுக்கலாம், மிஷினை நகர்த்திவிடுகிறேன் என்று இவள் சொன்னதற்கு மறுமுனையில் களைத்த சிரிப்பு.

"ஏம்மா, அப்பா ரூம்ல படுக்க எனக்கென்ன பயம்? அவர் பேயா வரணும்னாலும் அதுக்கு இன்னும் நாலு வருஷம் ஆகும். நம்ம அப்பா வேகம் தெரியாதா உனக்கு?"

வாசலில் ஹாரன். மழையில் நனைந்தபடி மகள் உள்ளே வந்து, தூக்கக் கலக்கத்தில் இருந்த குண்டுவை இவள் கையில் திணித்தாள்.

"பிடிம்மா இவனை, எனக்குக் கை விட்டுப்போச்சு. பெட்டியெல்லாம் நனையுது."

திரும்ப ஓடிவிட்டாள்.

குழந்தை கனத்தது. பால் வாசனை. சூடான கழுத்து. அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, அறைக்கு முதுகைக் காட்டி நின்றாள். பார்க்கக் கூடாது. மகள் வரட்டும். வந்ததும் வேறு எங்கேயாவது போய்விடலாம். யார் வீட்டுக்காவது.

பின்னால் தாழ்ப்பாள் நகர்ந்தது.

குண்டு அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். சிரித்தான். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் செய்வதுபோல இரண்டு கைகளையும் நீட்டினான்.

திரும்பினாள்.

கதவு திறந்திருந்தது. சத்தமில்லை. உரசல் இல்லை.

உள்ளே இருட்டு. இருட்டில், நிமிர்ந்து நிற்கிற ஓர் ஆளின் மார்பு உயரத்தில், ஒரு கை. முட்டிகளில் நீலம். சுண்டுவிரல் பிரிந்தது. அடுத்த விரல். அடுத்தது. யாரும் பிரித்துவிடாமல்.

ஓடணும். கத்தணும். இரண்டும் நடக்கவில்லை.

கைகள் மட்டும் அசைந்தன. ஒரு "ம்ம்" வந்தால் தண்ணீர், இன்னொரு "ம்ம்" வந்தால் தலையணை என்று அவளைக் கேட்காமலே செய்து பழகிய கைகள். அசந்துபோன கைகள். குழந்தையின் கக்கத்தில் கோத்துக்கொண்டன. அவனைத் தூக்கின. முன்னால் நீண்டன. வேண்டாம், வேண்டாம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவை கேட்கவில்லை.

வாசல் பக்கம் பெட்டியின் சக்கரம் படியில் ஏறியது. ரொம்பத் தொலைவில் போல.

விரல்கள் முழுதும் விரிந்துவிட்டன. அதற்கும் மேலே, இருட்டில், வாய் திறக்கிற ஈரச் சத்தம். பேச்சு போவதற்கு முன்பு இருந்த அதே குரல், கொஞ்சமும் குழறாமல், கெஞ்சலாக:

"ஒரு தடவை அவனை என் கையில குடு."