கிளாட்வின் சார் வண்டி

காலையில் கொட்டகையைத் திறந்தபோது மோட்டார் சைக்கிளின் இரண்டு கைப்பிடிகளும் ஈரமாக இருந்தன. எஸ்றா முதலில் அதைப் பனி என்றுதான் நினைத்தான். வீட்டுக்குப் பின்னால் உப்பளம், அதற்கும் பின்னால் கடல். இந்தப் பக்கம் எந்த இரும்பும் விடிகாலையில் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் பெட்ரோல் டாங்க் காய்ந்திருந்தது. மட்கார்டு காய்ந்திருந்தது. கைப்பிடி ரப்பரில் மட்டும், அதுவும் உள்ளங்கை படுகிற இடத்தில் மட்டும் ஈரம். தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தது.

கூடவே ஒரு வாடை. விளக்கெண்ணெய் கருகும் வாடை. அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்றினால்தான் ஓடும், ஓடிய பிறகு இந்த வாடை வெகுநேரம் அங்கேயே நிற்கும். ஆனால் டாங்கில் ஒரு சொட்டும் கிடையாது. உலகச் சண்டை முடிந்த பின்னும் பெட்ரோலுக்குக் கூப்பன் வேண்டியிருந்தது. இந்த வண்டிக்கென்று கூப்பன் வாங்க ஆளில்லை. அது ஓடி மூன்று வருஷம் ஆகிவிட்டது.

எஸ்றா பயப்படவில்லை. பயத்துக்கு முன்பே அவனுக்கு வேறொன்று வந்துவிட்டது. இது யார் கை என்று யோசித்தான். ஜெபசெல்வியின் கை என்று முடிவு செய்தான்.

ஜெபசெல்வி அவன் மனைவி. அதற்கு முன் கிளாட்வினின் மனைவி. கிளாட்வின் உப்பு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்தவன். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் இந்தப் பழைய வண்டியை வாங்கி, உப்பளத்து வரப்புகளில் எல்லாம் ஓட்டித் திரிந்து, விஷக்காய்ச்சல் கண்டு செத்துப்போனான். எஸ்றா துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் மேஸ்திரி, சைக்கிளில் போய்வருகிறவன். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கே குடிவந்தான். வீட்டில் எல்லாம் இருந்தன. கட்டில், நாற்காலி, சுவர்க் கடிகாரம், மனைவி. எல்லாம் கிளாட்வின் பழக்கி வைத்தவை. தெருவில் இன்னமும் அது கிளாட்வின் சார் வீடுதான். ஜெபசெல்வி "அவுக" என்று சொன்னால் யாரைச் சொல்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

"கொட்டகைக்குப் போனியா?" என்று கேட்டான்.

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நான் எதுக்குப் போறேன்."

"வண்டிய யாரோ தொட்டிருக்காக."

"நீங்கதான் அங்கனயே போய் நிக்கிய. நீங்க தொட்டிருப்பீக."

"இன்னைக்கு சாயங்காலம் ஆறுமுகநேரி அண்ணாச்சி வாராரு. விலை பேசியாச்சு. எடுத்துட்டுப் போயிருவாரு."

மீன் செதிலை உரசிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு உரசல் சத்தம் மறுபடி கேட்டது.

"வித்திருங்க. எனக்கென்ன."

அவள் அழுதிருந்தால்கூட அவன் நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பான். கை நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அன்று முழுக்கக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே சுமந்தான். போன மழைக்காலத்தில் ஒரு பருத்திப் பொதி சரிந்து அவன் மண்டை உடைந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தான். அவள் துணி கிழித்துக் கட்டினாள். அன்று அவள் கை எதற்காகவும் நிற்கவில்லை.

வண்டி போய்விட்டால் சரியாகிவிடும் என்று நம்பினான். நம்புவதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

காசிலிங்கம் வந்து சேரும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆறுமுகநேரியில் பலசரக்குக் கடை. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. பெட்ரோலையும் விளக்கெண்ணெயையும் கலந்து ஒரு பாட்டிலில் கையோடு கொண்டுவந்திருந்தார். வண்டியை வீட்டுக்குப் பக்கவாட்டு முற்றத்துக்கு உருட்டி வந்து, குனிந்தும் நிமிர்ந்தும், விரலால் சுண்டியும் பார்த்தார்.

"சீட்டுத் தோலைத் தைக்கணும். பெல்ட் ஒண்ணு மாத்தணும். நெருப்பு குடுக்க மேக்னெட்டோவை லேசாத் தேய்ச்சு விடணும். மத்தபடி சேதாரமில்ல தம்பி. இந்த உப்புக் காத்துல துருப் பிடிக்காம வச்சிருக்கியளே, யாரு துடைக்கது?"

எஸ்றா திரும்பி, அடுப்படி வாசலில் நின்ற ஜெபசெல்வியைப் பார்த்தான். அவள் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வண்டியை உதைத்துக் கிளப்ப முடியாது. தள்ளிக்கொண்டு ஓடி, கிளட்ச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். காசிலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பளப் பக்கத்திலிருந்து தெருப் பக்கமாகத் தள்ளினார். முற்றம் முழுக்க மணல். கிளட்ச்சை விட்டதும் பின்சக்கரம் சுற்றாமல் இழுபட்டு மணலில் ஒரு கோடு போட்டது. மறுபடி தள்ளினார். இரண்டு மூன்று கோடுகள் விழுந்தன. அதன் பிறகு எஞ்சின் ஒருமுறை வெடித்தது. வண்டி முன்னால் போகாமல் ஒரு முழம் பின்னால் துள்ளி நின்றுவிட்டது.

"என்ன அண்ணாச்சி, பின்னால வருது?"

"டூ ஸ்ட்ரோக்குல இது உண்டு. நேரந்தப்பி நெருப்பு விழுந்தா எஞ்சின் எதிர்ப்பக்கமாச் சுத்தும். கோவிச்சுட்டுப் போற மாப்பிள மாதிரி, மூஞ்சிய நமக்குக் காட்டிக்கிட்டே பின்னால போவும்." அவரே சிரித்துக்கொண்டார். "பின்னால பாரம் பத்தல. நீங்க கேரியர்ல ஏறுங்க."

எஸ்றா ஏறினான். காசிலிங்கம் தள்ளினார். எஞ்சின் இருமக்கூட இல்லை.

"உங்க பாரம் அதுக்குப் பிடிக்கல தம்பி."

ஜெபசெல்வி அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து நடுமுற்றத்தில் நின்றாள். "அது அப்படிக் கிளம்பாது," என்றாள். கேட்காமலே சொன்னாள். "அவுக என்னைய ஏத்தி உக்கார வச்சுத்தான் கிளப்புவாக."

அவுக. வெளியாள் முன்னால், வீட்டு முற்றத்தில், கையில் விளக்கோடு.

"அப்பிடிச் சொல்லுங்க தங்கச்சி," என்றார் காசிலிங்கம். "ஏறுங்க. நான் முன்னால உக்காந்துக்கிடுதேன், தம்பி தள்ளட்டும். எனக்குக் கடைசி பஸ்சு போயிரும். இன்னைக்குக் கிளம்பலேன்னா பொறவு திருவிழாக் கழிச்சுத்தான் வர முடியும்."

திருவிழா கழித்து. அதுவரை தினமும் காலையில் அந்தக் கைப்பிடிகள். எஸ்றா காசிலிங்கத்தின் அகன்ற முதுகைப் பார்த்தான். அந்த முதுகுக்குப் பின்னால் அவள் உட்காருவதையும், அவள் முழங்கால் படுகிற இடத்தையும், வண்டி குலுங்கினால் அவள் கை எங்கே போகும் என்பதையும் பார்த்தான்.

"நீங்க விளக்கப் பிடிங்க அண்ணாச்சி. சீட்டுல யாரும் உக்கார வேண்டாம். நான் பக்கத்துல நின்னே தள்ளிக்கிடுவேன்." மனைவி பக்கம் திரும்பினான். "ஏறுளா."

"நான் ஏறல."

"ஏன்?"

"ஏறல. விடுங்க."

விற்க மனசில்லை, அதுதான் என்று அவனுக்குப் பட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்து, இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிக் கேரியரில் வைத்தான். அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, காசிலிங்கத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அப்ப நீங்களாவது முன்னால உக்காருங்க. இல்ல, அந்த அண்ணாச்சிய உக்காரச் சொல்லுங்க. யாராவது. சீட்டக் காலியா மட்டும் விடாதீங்க."

அண்ணாச்சியை. அந்த ஒரு சொல்தான் அவன் காதில் விழுந்தது. அவள் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டான். விளக்கு காசிலிங்கம் கைக்குப் போனது.

தள்ளினான். இருட்டில் உப்புக் குவியல்கள் மட்டும் மங்கலாக வெளுத்திருந்தன. காற்று நின்றிருந்தது, அளத்து ஓடையில் தண்ணீர் அசையும் சத்தமும் அவன் மூச்சும் மணல் நெரிபடுவதும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. நாலு எட்டு வைத்ததும் வண்டி கனத்தது. மணல் இளகியிருக்கும் என்று நினைத்துத் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மேலும் கனத்தது. மூட்டை தூக்குகிறவர்களை மேய்க்கிற அவனுக்குப் பாரம் தெரியும். இது மணல் இல்லை. ஒரு ஆள் கனம்.

சீட்டு முனகியது. அதன் அடியிலிருந்த இரண்டு ஸ்பிரிங்குகளும் மெதுவாக அமுங்கின. அமுங்கியபடியே நின்றன.

ஜெபசெல்வி இரண்டு கைகளாலும் கேரியரை இறுக்கிப் பிடித்தாள்.

அவன் பிடித்திருந்த கைப்பிடி ஈரமானது. அவன் உள்ளங்கைக்கு அடியில் ரப்பர் இல்லை. கணு தெரிந்தது. விரல்கள் தெரிந்தன. அவன் விரல்களுக்குக் கீழே வேறு விரல்கள், சூடாக, வேர்த்து, கைப்பிடியை ஏற்கனவே பிடித்திருந்தன.

கையை எடுக்க நினைத்தான். எடுப்பதற்குள் கிளட்ச் தானாக விடுபட்டது.

எஞ்சின் பிடித்தது. முதல் வெடியிலேயே.

கைப்பிடி அவன் நெஞ்சில் அறைந்தது. மணலில் விழுந்தான். புகை. விளக்கெண்ணெய் வாடை. எழுந்தபோது வண்டி சாயவில்லை. நேராக நின்றது. பிறகு நகர்ந்தது.

பின்னால்.

உப்பளத்தைப் பார்க்க.

காசிலிங்கம் விளக்கைக் கீழே வைத்தார். தெருப் பக்கமாக நடந்தார். நடை ஓட்டமாகும் சத்தம் கேட்டது.

"குதிளா," என்றான் எஸ்றா. ஓடினான். கால் புதைந்தது.

வண்டி முற்றத்தைத் தாண்டி வரப்பில் ஏறியது. ஒற்றையடி வரப்பு. இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர். ஆடவில்லை. பழகிய தடம்போலப் பின்னாலேயே போனது. முகம் இவன் பக்கம். ஹேண்டில்பார். காலி சீட்டு. அதற்குப் பின்னால் அவள்.

அவள் கைகள் முதலில் கேரியரைப் பிடித்திருந்தன. ஒரு கை விட்டது. பிறகு மற்றது. இரண்டும் முன்னால் வந்தன. வளைந்தன. காலியாக இருந்த இடத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்டன.

அவன் இதுவரை கேட்டிராத குரலில் அவள் பேசினாள். அவனிடம் இல்லை.

"மெதுவா போங்க."

வண்டி மெதுவானது.

உப்புக் குவியல்களின் வெளுப்பில் அவள் முகம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. ஒரு பக்கக் கன்னம், கண்ணாடியில் வைத்து அழுத்தியதுபோல, அந்தரத்தில் தட்டையாக நசுங்கியிருந்தது.