ட்ரிப் விழும் வீடு

இருளாண்டி ட்ரிப் சுவிட்ச்சை மூன்றாவது தடவையும் தூக்கிவிட்டு மனதுக்குள் எண்ணத் தொடங்கினான். பதினேழு எண்ணும்போது அது டக்கென்று விழுந்தது. வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை. ஃபிரிட்ஜின் பிளக்கை அவனே பிடுங்கித் தரையில் போட்டிருந்தான். தண்ணீர் மோட்டாரின் கம்பியையும் பிரித்து வைத்துவிட்டான். கரண்ட் இழுக்க எதுவுமே இல்லாத வீட்டில் ட்ரிப் விழுகிறது.

மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனால் எண்பத்தொன்பதாம் வருசத்து ஐப்பசி மழை கொக்கோ மரங்களின் மேல் கொட்டிக்கொண்டிருந்ததில் நடைக்குள் அந்திபோல இருட்டியிருந்தது. ஓட்டிலிருந்து தகரப் பீலியில் தண்ணீர் விழும் சத்தம், எங்கோ காய வைத்து நனைந்துபோன மிளகின் வாசம், அதற்கடியில் டெட்டோல், டெட்டோலுக்கும் அடியில் கோழியின் மயிரைப் பொசுக்கும்போது வருமே, அந்த நாற்றம். வீட்டில் யாரும் கோழி அடித்ததாகத் தெரியவில்லை. அடுப்படி பூட்டிக் கிடந்தது.

"எலிதான் கம்பியக் கடிச்சிருக்கணும் நானா" என்றான் இருளாண்டி.

"எலிதான் பாஸ்" என்றார் ஜுனைதீன். "எலியெண்டே வச்சிக்கோங்க."

ஜுனைதீன் ஒரு வீட்டுப் புரோக்கர். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றும் கைவேலைக்காரர்களை பாஸ் என்றும் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். நாலந்தா ரோட்டில் ஒதுங்கிக் கிடந்த இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். இன்று பகல் சோற்று நேரத்தில் இருளாண்டியின் வாசலுக்கு வந்து, "சின்ன வேலைதான் பாஸ், ட்ரிப் விழுகுதாம், பாத்துக் குடுத்திட்டு வந்திரலாம்" என்று கூப்பிட்டவரும் அவர்தான். ரோட்டில் ஒரு வேன் நின்றது. அதற்கு நம்பர் தகடு இல்லை. இருளாண்டியின் பெண்சாதி ராசம்மா வாசல்படியில் நின்று, "ஆறு மணிக்கு ஊரடங்கு. அதுக்கு முன்னாடி இவர வீட்டுல கொண்டாந்து விட்ருங்க" என்றாள். அதை அவள் ஜுனைதீனிடம் சொல்லவில்லை. வேனைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வருசம் வேனில் இருப்பது எந்தப் பக்கத்து ஆட்கள் என்று மாத்தளையில் யாரும் கேட்பதில்லை. சீருடைக்காரர்கள், அவர்களைச் சுடுகிறவர்கள், இரண்டிலும் சேராத இன்னொரு கூட்டம். யார் கொண்டுபோனாலும் போனவர்கள் திரும்பவில்லை. ரோட்டோரம் பிணங்களை எரித்த டயர் புகை மழைக்குத் தணிந்தும் இன்னும் நாறிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகவேண்டும் என்பதைத் தவிர இருளாண்டிக்கு வேறு நினைப்பு இல்லை. ட்ரிப்பை நிற்கச் செய்தால் போகலாம்.

மெயின் சுவிட்ச் பழைய இரும்புப் பெட்டி. பக்கத்தில் கைப்பிடி. மேலே தள்ளினால் வீட்டுக்குக் கரண்ட், கீழே இழுத்தால் இல்லை. அதற்கு மேலே மீட்டர், பக்கத்தில் ட்ரிப், கீழே வரிசையாக நான்கு பியூஸ் கட்டைகள். ட்ரிப் மட்டும் புதுசு. வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பூட்டியது. இந்த ஊரில் இருளாண்டி கண்ட நாலாவது ட்ரிப் அது.

ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிப் பார்த்தான். முதலாவதைக் கழற்றியும் விழுந்தது. இரண்டாவதைக் கழற்றியும் விழுந்தது. நாலாவதைக் கழற்றியபோது ட்ரிப் நின்றது. நூறு வரை எண்ணினான். நின்றது. அப்போது நடையின் கோடியில் இருந்த அறைக்குள்ளிருந்து யாரோ சிங்களத்தில் சத்தம் போட்டான்: கரண்ட் இல்லை.

நாலாவது பியூஸ் அந்த அறையின் பிளக் லைன்.

"அந்த ரூமத் தெறந்து பாக்கணும் நானா."

"அது ஏலாது."

"பாக்காம எப்பிடி வேல செய்யிறது?"

"பாக்காமச் செய்யிற வேலதான் இது." ஜுனைதீன் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். "பாஸ், சத்தம் போடாதீங்க."

கம்பி பழுதென்றால் ட்ரிப் தூக்கிய உடனே விழும். இது உடனே விழவில்லை. ஒரு தடவை பதினேழு, முந்திய தடவை முப்பது, அதற்கு முன் ஐந்து. ஏதோ ஒன்று நடுநடுவே தொடுகிறது, தொட்டதும் விழுகிறது. விழுந்தவுடன் அறைக்குள் ஒரு நிமிசம் நிசப்தம். பிறகு யாரோ சலித்துக்கொள்கிறான். வாளியில் தண்ணீர் அள்ளும் சத்தம். சிமெந்துத் தரையில் அது ஊற்றப்படும் சத்தம்.

இருளாண்டி டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினான். அது பைக்கு வெளியே நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து இன்னொரு தடவை செருகினான்.

அறைக் கதவு ஆளளவு மட்டும் திறந்து மூடியது. சாரமும் வெள்ளை பெனியனும் போட்ட ஒரு மெலிந்த மனிதர் வந்தார். மூக்குக் கண்ணாடி. பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி இருந்தார். துவாயில் கையைத் துடைத்துக்கொண்டே, "பாஸ் உன்னெஹே" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். வயரை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம், இன்னமும் விழுகிறதே, இதற்கு என்ன சீக்கு என்று சிங்களத்தில் கேட்டார்.

இருளாண்டி அங்கேதான் தவறு செய்தான்.

இருபது வருசமாக வீடு வீடாக இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் அவன். தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்து, ஒரு பள்ளிக்கூடத்திலும் கரண்டைப் படிக்காமல் கையாலேயே படித்தவன். இதைச் சொல்லும்போதுதான் துரைமாரும் முதலாளிமாரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு தேத்தண்ணி வரும். பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"இதுக்குச் சீக்கு இல்ல மாத்தயா" என்று நல்ல சிங்களத்தில் விரல் விட்டு விளக்கினான். "சிவப்புக் கம்பியில போன கரண்ட் கறுப்புக் கம்பியில அப்பிடியே திரும்பி வரணும். கொஞ்சம் குறைஞ்சு வந்தா, எங்கயோ நிலத்துக்கு இறங்குதுன்னு இதுக்குத் தெரிஞ்சுபோகும். உடனே விழுந்திரும். மனுசன் கைய வச்சாலும் அவன் உடம்பு வழியா நிலத்துக்குத்தானே இறங்கும்? அவன் சாக முந்தி இது விழுந்திரும். பியூஸுக்கு அது தெரியாது. பியூஸ் உருக அஞ்சு ஆம்ப் வேணும். மனுசன் சாக அதுல நூத்துல ஒரு பங்கு போதும். பியூஸ் கம்பியக் காப்பாத்தும். இதுதான் ஆளக் காப்பாத்தும்."

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தான்.

அவன் மாத்தயா, அதாவது ஐயா, என்று கூப்பிட்ட அந்த மெலிந்த மனிதர் அவனைப் பார்க்கவில்லை. ட்ரிப் சுவிட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே இருந்து காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல.

"அப்படியா" என்றார்.

இருளாண்டி மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தான். எலி இல்லை. கம்பி இல்லை.

அறைக்குள் யாரோ, "அம்மே" என்றான். மூடிய கதவுக்குப் பின்னால் அது சிங்கள அம்மேயா தமிழ் அம்மாவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இதைக் கழற்றிவிடு" என்றார் மாத்தயா. மரியாதை போய்விட்டிருந்தது. "மெயினிலிருந்து டைரெக்ட் கொடு."

"அப்பிடிக் குடுக்கக் கூடாது மாத்தயா."

மாத்தயா சிரித்தார். ஜுனைதீனும் சிரிக்கப் பார்த்தார். அவருக்கு வரவில்லை.

இருளாண்டி மெயினைக் கீழே இழுத்துவிட்டு வேலை செய்தான். ட்ரிப்பின் திருகுகளை இளக்கினான். நான்கு கம்பிகளையும் உருவினான். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. முறுக்கி டேப் சுற்றினான். ஐந்து நிமிச வேலை. பத்து நிமிசம் எடுத்துக்கொண்டான். நாலாவது பியூஸ் கட்டையில் இருந்த கம்பியை எடுத்துவிட்டு, பையில் இருந்ததிலேயே ஆக மெல்லிய கம்பியைப் போட்டான். அதுவும் உருகாது என்று தெரியும். தெரிந்தும் போட்டான்.

"நான் சொல்லும்போது போடு" என்று சொல்லிவிட்டு மாத்தயா அறைக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"உள்ளுக்கு இருக்கிறது யாரு நானா?"

"எனக்கு வாடகைக்கு ஆள் புடிச்சுக் குடுக்கத்தான் தெரியும் பாஸ்." ஜுனைதீனின் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. "போட்டிருங்க. போட்டாத்தான் நாங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போற."

"போட்டா அவன் செத்துப் போவான்."

"போடாட்டி?"

உள்ளேயிருந்து மாத்தயா, சரி, போடலாம் என்பதற்கு, "ஹரி!" என்றார்.

இருளாண்டி கைப்பிடியை மேலே தள்ளினான்.

மீட்டரின் தட்டு அசையவில்லை. ஒரு கணம். பிறகு அசைந்தது. தட்டின் விளிம்பில் இருந்த சிவப்பு அடையாளம் மெதுவாகக் கண்ணாடிக்கு முன்னால் வந்தது, கடந்து போனது. அவன் எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்து. பதினேழு. பதினெட்டு. விழவில்லை. விழுவதற்கு எதுவும் இல்லை. ட்ரிப் சுவரில் வெறுமனே வாய் பிளந்து தொங்கியது.

அறைக்குள் கட்டில் கால் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டது.

இருபத்தைந்து.

அலறல். மனிதத் தொண்டையில் வராத சத்தம். ஜுனைதீன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு உட்கார்ந்தார். மயிர் பொசுங்கும் நாற்றம் கதவிடுக்கில் புகையாக வந்தது.

முப்பது. முப்பத்தொன்று.

ராசம்மா வாசலில் நிற்பாள். ஆறு மணிக்குள். ஆறு மணிக்குள்.

முப்பத்தாறு.

இருளாண்டி கைப்பிடியைக் கீழே இழுத்தான்.

இழுத்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று விளங்கியது. இனி அவர்கள் வருவார்கள். தாழ்ப்பாள் திறக்கும். கைப்பிடியை விடாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

யாரும் வரவில்லை.

அறைக்குள் தடதடப்பு நிற்கவில்லை. கூடியது. இப்போது ஒரு தொண்டை அல்ல. இரண்டு. மூன்று. கண்ணாடி உடைந்தது. யாரோ சுவரில் போய் மோதி விழுந்தான்.

"ஓஃப் கரபங்!" மாத்தயாவின் குரல். வாத்தியார் குரல் இல்லை, குழந்தைக் குரல். "பாஸ்! மெயினை இறக்கு! இறக்கு!"

"எறக்கிட்டேன் மாத்தயா."

"இறக்கடா!"

"எறக்கித்தான் இருக்கு!"

இருளாண்டி தன் கையைப் பார்த்தான். கைப்பிடி கீழே இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே கரண்டை இணைக்கும் செம்புக் கத்திகள் இரண்டும் பிரிந்து, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. காற்றுதான் இருந்தது. நான்கு பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தரையில் எறிந்தான். கட்டைகள் உடைந்தன.

மீட்டரைப் பார்த்தான்.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாக. சிவப்பு அடையாளம் அடையாளமாகவே இல்லை, வட்டம் முழுக்க ஒரே சிவப்புக் கோடாகி நின்றது.

ஜுனைதீன் எழுந்து மழைக்குள் ஓடினார். அவருடைய தொப்பி நடையில் கிடந்தது.

இருளாண்டி மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே ஒரு குரல் நின்றது. அடுத்தது நின்றது. அவற்றில் அம்மே என்ற அந்தக் குரல் இல்லை. மாத்தயாவின் குரல் கடைசிவரை "இறக்கு, இறக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு சொல் போய், வெறும் மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

மழை மட்டும்.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. விரல் தடிப்பில். மெல்லிய இளஞ்சிவப்பு. தரையில் அது வந்த வழியெல்லாம் ஆவி பறந்தது.

பிறகு கதவின் உள்பக்கத்தில், கீழே, தரையோடு, நகம் பட்டது. மெல்ல மேலே ஏறியது. தடவியது. நின்றது. கண் தெரியாதவன் தேடுவதுபோல மறுபடி தடவி, தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தது.

தாழ்ப்பாள் விலகத் தொடங்கியது. மிக மெதுவாக.

நடையில் இருந்த பல்புகள் ஒவ்வொன்றாக எரிந்தன.