மூத்த பூச்சு

அடுக்குமானி வந்த பிறகு, வயதை நிரூபிக்காத பெருமை எந்த ஊரிலும் செல்லுபடியாகவில்லை. கைப்பெட்டி அளவே உள்ள கருவி. சுவரை நோக்கிப் பிடித்தால், வண்ணத்தைத் துளைத்துப் போகும் கதிர் திரும்பி வந்து, உள்ளே எத்தனை பூச்சு, ஒவ்வொன்றுக்கும் என்ன வயது என்று சொல்லிவிடும். என்ன வரைந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லாது. அதைப் பார்க்க மேலே உள்ளதை உரித்துத்தான் ஆக வேண்டும். உரிப்பதற்கும் சட்டம் இருந்தது: மூத்த பூச்சுதான் மரபு, அதன்மேல் வந்ததெல்லாம் அழுக்கு.

தாழைக்குறிச்சிக் கோயிலுக்கு அந்தக் கருவியை வரவழைத்தவர் பெரியவீட்டு ஆவுடையப்பர்தான். மண்டபச் சுவரோவியத்தில் அம்மன் காலடியில் கைகூப்பி நிற்பவர் அவருடைய பூட்டனுக்குப் பூட்டன். அந்த உருவத்தின் பேரில்தான் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் தலைக்கு ஏறியது. "அது நேத்து வரைஞ்ச பொம்மைவே" என்று கோட்டைவீட்டுக் குலசேகரம் டீக்கடையில் பேசியது காதில் விழுந்த அன்றே, மரபுக்காப்பு ஆய்வகத்துக்கு ஆள் அனுப்பினார்.

ஆய்வாளர் ரெஜினா கருவியைச் சுவரெங்கும் நகர்த்தினாள்.

"இருநூறு வருஷம் ஐயா. ஆனா உள்ளே இன்னொண்ணு இருக்கு. முந்நூறு."

ஆவுடையப்பர் மீசையை நீவினார். "அதுவும் எங்க ஆளாத்தான் இருக்கும். எடும்மா."

உரிகதிர் மேற்பூச்சைத் தூசாக்கியது. கீழிருந்து வந்தவரின் இடுப்பில் யாளித்தலைக் குத்துவாள். கோட்டைவீட்டு வாசல் நிலையில் செதுக்கியிருக்கும் அதே வாள்.

அந்த வருடம் பரிவட்டம் குலசேகரத்தின் தலைக்குப் போனது.

"என்ன அண்ணாச்சி, வெறுந்தலையோட வெயில்ல நிக்கியளே, மண்டை காயலையா?"

குலசேகரம் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆவுடையப்பர் தன் வீட்டு முன்வாசலைத் திறக்கவிடவில்லை. பெண் கொடுத்த சம்பந்திகூடப் பின்கதவு வழியாகத்தான் வந்துபோனார்.

மறு வருடம் இன்னும் ஆழம் பார்க்கும் கருவி வந்தது. ஆவுடையப்பர் ரெஜினாவை மண்டபத்தில் மறித்தார்.

"அதுக்குக் கீழ ஏதும் இருக்கா?"

"இருக்கு. ரொம்ப மெல்லிசு. படமான்னே தெரியல. விட்டுருங்க ஐயா, உரிச்சா திரும்ப ஒட்ட முடியாது."

"சட்டம் என்ன சொல்லுது?"

"உரிமையுள்ளவங்க கேட்டா உரிச்சாகணும்."

"கேக்கேன்."

"உங்க பூட்டனையே தூசாப் பெருக்கி அள்ளினவ நான். நகல் எடுத்து வச்சிருக்கோமே, போதாதா?"

"நகலுக்குப் பரிவட்டம் கட்டுவாங்களா? சொல்லு தாயி."

குலசேகரம் தடுத்திருக்கலாம். தடுத்தால் பயந்துவிட்டான் என்பார்களே! "உரிக்கட்டும்வே. கோட்டைவீட்டானுக்கு அடியிலயும் கோட்டைவீட்டான்தான் இருப்பான்" என்றுவிட்டார்.

அடியில் ஆளே இல்லை. சுண்ணாம்பின்மேல் காவிநிற இழுப்புகள் சில மட்டும். யாரோ ஓர் ஓவியர், வேலை தொடங்குமுன் தூரிகையைத் துடைத்துப் பார்த்த இடம். சட்டப்படி அதுவே மூத்த பூச்சு. ஆய்வகம் அதற்குக் கண்ணாடி போட்டு, குளிர்காற்று விட்டு, 'தொடாதீர்' என்று பலகையும் மாட்டியது.

திருவிழா அன்று இருவரும் வெறுந்தலையோடு அருகருகே நின்றார்கள்.

"எனக்கும் இல்ல, உமக்கும் இல்ல. இப்ப திருப்திதானா அண்ணாச்சி?" என்றார் குலசேகரம்.

"உமக்கு இல்லைல்லா? அது போதும்." ஆவுடையப்பர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

மேளம் ஓங்கியது. பட்டர் கற்பூரத் தட்டோடு வந்தார். பரிவட்டம் கட்டுமுன் சுவரில் இருக்கும் அம்மனுக்குத் தீபம் காட்டுவது வழக்கம். பெரியவீட்டுப் பூட்டனும் சரி, குத்துவாள்காரரும் சரி, சுவரின் மூலையில் அவள் காலடியில்தான் சிறிதாக நின்றிருந்தார்கள். இரண்டு வருடமாக அவளைப் பற்றி யாருமே பேசவில்லை; உரித்த தூசோடு அவளும் போயிருந்தாள்.

பட்டர் கண்ணாடிக்கு முன்னால் தட்டை உயர்த்தினார். தாழ்த்தினார். திரும்பி இருவரையும் பார்த்தார்.

"எங்கே காட்டட்டும்?"

ஆவுடையப்பரின் கைகள் பழக்கத்தில் கூப்பியிருந்தன. அவற்றை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.