உச்சி இல்லாத மலைகள்

முதலில் காற்று வந்தது. மழை அதற்குப் பின்னால் வந்தது.

மாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்துப் போட்டிருந்த போர்வையின் ஒரு மூலையைக் காற்று லேசாகத் தூக்கிப் பார்த்தது. பிடித்துப் போயிற்று போலிருக்கிறது... முழுசாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஐயோ!"

சிந்துஜா ஓடிவந்து எட்டிப் பார்த்தபோது, கீழே சந்தில் பைக்கில் வந்த ஒருவனின் தலைமேல் அவளுடைய பல வார உழைப்பு கவிழ்ந்து கிடந்தது. பைக் இப்படியும் அப்படியும் ஆடி, வீட்டுக்கார சரசு அக்காவின் வைக்கோல் குவியலில் முட்டி நின்றது.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். போர்வையை விலக்கிக்கொண்டு ஒரு முகம் வெளியே வந்தது. இமையில் ஒரு மழைத்துளி. வாய் சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிடுகிற கண்கள்...

"சாரிங்க... அடி பட்டுடுச்சா?"

"போர்வை விழுந்து யாருக்குங்க அடி படும்? நல்லா மெத்துனு இருந்துச்சு."

கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவன் போகவில்லை. மழை கனப்பதற்குள் வாசல் நிழலில் ஒதுங்கி, போர்வையைப் புரட்டி, கட்டைவிரலால் தையலைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இது யாருங்க தச்சது?"

"ஏன்?"

"மாட்டுக்குப் போடற தையல் மாதிரியே இருக்கு."

மாட்டுக்கா!

காது இரண்டும் சூடாயின. நான்தான் தைத்தேன், அதற்கு என்ன இப்போது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா. திரௌபதினு பேரு. அவங்க தச்சது. நான் சும்மா காயப் போட்டேன்."

"ஓ..." என்றான் அவன். போர்வையை நான்காக மடித்து அவள் கையில் வைத்தான். "அந்த அக்கா கிட்ட சொல்லுங்க..."

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க அவள் நிற்கவில்லை. வந்த வேகத்திலேயே படியேறிப் போய்விட்டாள்.

*

சிந்துஜாவுக்குத் தேரடி வீதியில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டு பிளான் வரைகிற வேலை. கம்ப்யூட்டரில் ஒரு கோடு மயிரிழை விலகினாலும் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்துவிடுவாள். தப்பு வந்தால் ஒரு பட்டன். வந்த தடமே இல்லாமல் போய்விடும்.

துணியில் அந்தப் பட்டன் கிடையாது.

செல்போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஒட்டுப் போர்வை என்பது பார்க்க ஒன்று, உள்ளே மூன்று. துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து மேலும் கீழுமாக ஊசி போய் வர வேண்டும். அந்தத் தையல் இல்லாவிட்டால் நாலு நாளில் பஞ்சு ஒரு மூலைக்கு நகர்ந்து திரண்டுவிடும். போர்வைக்கு அழகைத் தருவது துண்டுகள், உயிரைத் தருவது தையல்.

துண்டுகளுக்கு அவள் எடுத்துக்கொண்ட உருவம் மலை. ஜன்னலைத் திறந்தால் அதுதானே தெரிகிறது! ஒவ்வொரு மலையும் ஒரு முக்கோணம். ஒன்று அம்மாவின் மாம்பழக் கலர்ப் புடவை, ஒன்று அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை, நட்ட நடுவில் அப்பாவின் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. கீழ்பென்னாத்தூர் வீட்டுக் கொடியிலிருந்து அப்பாவைக் கேட்காமலே உருவிக்கொண்டு வந்தது. எதற்கு என்று அப்புறம்தான் போனில் அவரிடம் சொன்னாள்.

அங்கேதான் முதல் தப்பு. இரண்டு துண்டை இணைக்கும்போது ஓரத்தில் கால் இஞ்ச் தையலுக்குள்ளே போய்விடும். அதனால் முக்கோணத்தின் முனைக்கு மேலே கால் இஞ்ச் துணியைக் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். பிளான் வரைகிற பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்குமா? அளந்தாள், எழுதினாள், வெட்டும்போது மறந்துபோனாள். தைத்து நிமிர்த்தினால்... எல்லா மலைக்கும் உச்சி காணோம்! மொட்டை மொட்டையாக நின்றன.

இரண்டாவது, முடிச்சு. நீளமாக ஓடுகிற தையல் எங்கேயாவது உருவிக்கொள்ளுமோ என்று பயந்து, தையலுக்குத் தையல் ஒரு முடிச்சுப் போட்டு நூலை வெட்டியிருந்தாள். வீடியோவில் வந்த பெண்மணி முடிச்சுகளைப் பஞ்சுக்குள் ஒளித்துவிட்டாள். இவளுடைய முடிச்சுகளோ வரிசையாக மேலே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்தன.

இதற்கிடையில் செங்கம் ரோட்டில் காபிக் கடை வைத்திருக்கும் தோழி சினேகா வேறு. "தீபத் திருவிழாவுக்கு ஊரே நம்ம கடை வழியாத்தான் போகும். பெரிய சுவரை உன் போர்வைக்குன்னு காலியா வெச்சிருக்கேன். கீழ உன் பேரு. கொட்டை எழுத்துல!"

என் பேர்... மாட்டுத் தையலுக்குக் கீழே என் பேர்.

*

அந்த வார இறுதியில் சந்திலிருந்து சரசு அக்காவின் குரல் கேட்டது. "வாங்க டாக்டர். செவலைக்கு நாள் நெருங்கிடுச்சா பாருங்க."

எட்டிப் பார்த்தாள். பசுவின் வயிற்றில் காதை வைத்தபடி... அவன்!

டாக்டர் இளவரசன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் வேலை, ரெண்டு சந்து தள்ளி ரூம். சரசு அக்கா மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

மாட்டு டாக்டர். அப்படியானால் அன்றைக்கு அவன் சொன்னது...

"அன்னைக்கு நீங்க முழுசா கேக்காமயே போயிட்டீங்க" என்றான் அவன், கையைக் கழுவிக்கொண்டே. "மாட்டுத் தோலுக்கு நாங்க தனித்தனியா முடிச்சுப் போட்டுத்தான் தைப்போம். ஒண்ணு அறுந்தா அது மட்டும்தான் போகும், மத்தது அப்படியே நிக்கும். நான் கத்துக்கிட்டப்போ எனக்கு அவ்ளோ வரிசையா வரல. அந்த திரௌபதி அக்கா பெரிய ஆளுங்க."

சந்தோஷப்படுவதா, அழுவதா? பாராட்டு வந்திருக்கிறது. ஆனால் வேறு வீட்டு விலாசத்துக்கு.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் செவலைக்கு ஏதாவது ஒரு பரிசோதனை இருந்தது. தினமும் சிந்துஜாவுக்கு மாடிப்படியில் ஏதாவது ஒரு வேலை இருந்தது.

"அந்த அக்கா இன்னைக்கு ஆபீஸ் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"பொறுமை ஜாஸ்தியா இருக்கும் இல்ல? கண்ணு எப்படி... பெருசா?"

"சின்னது. கண்ணாடி வேற."

"அப்படியா... கல்யாணம் ஆயிடுச்சா அவங்களுக்கு?"

அடக்க முடியாமல் பொங்கிவிட்டது. "ஆயிடுச்சு! ரெண்டு பசங்க! பெரியவன் ஒன்பதாவது படிக்கிறான்!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் ஏன் குலுங்கின? வருத்தமோ என்னவோ... இருக்கட்டும். இல்லாத ஒருத்தி மேல் இவ்வளவு எரிச்சல் படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவள் கை செய்த வேலையை அவன் மெச்சுகிறான். அந்தக் கையே எதிரில் நிற்கிறது, விரலெல்லாம் பிளாஸ்டரோடு. சொல்லிவிடலாமா? சொன்னால் பொய்க்காரி. சொல்லாவிட்டால்... அந்தக் கண்களின் சிரிப்பெல்லாம் திரௌபதிக்கு.

*

சினேகாவுக்குப் போர்வையைக் கொடுக்க வேண்டிய வாரமும் வந்தது. சிந்துஜா ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தைப்பது. தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்து லுங்கி மலையின் ஓரத்தில் வைத்தாள்...

"சிந்துஜா! கன்னுக்குட்டி போட்டுடுச்சு! சீக்கிரம் வாம்மா!"

கீழே சரசு அக்காவின் மாட்டுக் கொட்டகை ஒழுகிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் தண்ணீர், அடுக்கி வைத்த சாக்கு மொத்தமும் நனைந்து கிடந்தது. இளவரசன் முட்டி போட்டு உட்கார்ந்து, தன் சட்டையாலேயே கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். கன்று நடுங்கியது. எழுந்திருக்கப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்துச் சரிந்தது.

"உடம்பு சில்லுனு இருக்கு. காஞ்ச துணி வேணும், கனமா. இருக்கா?"

அவள் யோசிக்கவில்லை. மேலே ஓடினாள். கத்தியைத் தூக்கிப் போட்டாள். போர்வையோடு வந்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இதையா? அழுக்காயிடுங்க."

"பரவால்ல. போத்துங்க."

கன்றின் மேல் மலைகள் விரிந்தன. பஞ்சு ஏன் நடுவில் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே புரிந்தது. பஞ்சு தானாகச் சூடு தராது. உள்ளே சிக்கிய காற்றை வெளியே விடாது, அவ்வளவுதான். உடம்பின் சூடு உடம்பிடமே நிற்கும். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியானது. கன்று காதை ஆட்டியது. பிறகு சாவகாசமாகத் தலையைத் திருப்பி, போர்வையின் மூலையைக் கவ்வி ஒரு இழு இழுத்தது.

படக்!

"போச்சு..." என்றாள் சிந்துஜா.

"எங்க போச்சு? பாருங்க." அவன் மூலையைத் தூக்கிக் காட்டினான். ஒரே ஒரு முடிச்சு அறுந்திருந்தது. பக்கத்து முடிச்சுகள் அசையவே இல்லை. "இதுக்குத்தான் சொன்னேன்."

விரல்கள் ஒரே முடிச்சின் மேல் சந்தித்துக்கொண்டன. வெளியே மழை... உள்ளே அதைவிடச் சத்தமாக ஏதோ ஒன்று.

"அந்த அக்கா கோவிச்சுக்க மாட்டாங்களா?" அவன் மெதுவாகக் கேட்டான்.

சொல்லிடு சிந்துஜா, இப்ப சொல்லிடு.

"மாட்டாங்க" என்றாள்.

*

போர்வையைச் சரசு அக்காவே ஊறவைத்து அலசிக் கொடுத்தாள். வெயில் எட்டிப் பார்த்த பகலில் மாடியில் விரித்தபோது சிந்துஜாவால் நம்ப முடியவில்லை. தண்ணீர் பட்டதும் பஞ்சும் நூலும் துளி சுருங்கி, ஒவ்வொரு முடிச்சைச் சுற்றியும் துணி மெல்ல மெல்லச் சுருக்கம் கண்டிருந்தது. கோணல் எது, நேர் எது என்று கண்ணுக்கே பிடிபடவில்லை. முன்பு துணி கொஞ்சம் விறைத்துக் கிடந்தது, இப்போது மூச்சு விடுவது போல இருந்தது.

நிமிர்ந்தாள். மேகம் இறங்கியிருந்தது. எதிரே மலை. அடிவாரம் இருக்கிறது, தோள் இருக்கிறது... உச்சி மட்டும் இல்லை.

மழைக்காலம் முழுக்கத் தினமும் பார்க்கிற மலைதானே இது! போர்வையைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். தனியாக நின்று சிரித்தாள்.

*

சினேகாவின் கடையில் பெரிய சுவர் முழுக்கப் போர்வை. தீபத்துக்கு வந்த கூட்டம், மழைக்கு ஒதுங்கியவர்கள், சுக்குக் காபி வாசனை. ஜன்னலோரத்தில்... இளவரசன்.

சினேகா ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். "பேரை நீயே எழுதிடு."

அதற்குள் வெளியூர் அம்மா ஒருவர் போர்வைக்கு அருகில் போய்ப் பார்த்தார். "அழகா இருக்கே! யாரும்மா தச்சது?"

ஜன்னலோரக் கண்கள் டம்ளருக்கு மேலாக அவளைப் பார்த்தன. அட்டை வெறுமையாக இருந்தது. ஒரு வார்த்தைதான்... சொன்னால் அவன் முன்னால் பொய்க்காரி. சொல்லாவிட்டால் இந்தப் போர்வை ஆயுசுக்கும் இல்லாத ஒருத்தியுடையது.

"நான்" என்றாள். சத்தம் போதவில்லை என்று தோன்றியது. "நான்தான் தச்சேன். முழுக்க என் கையால."

"முனையெல்லாம் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கே?"

"அளவு தப்பா வெட்டிட்டேங்க, அதான்" என்றாள் தலை நிமிர்ந்து. "ஆனா வெளிய பாருங்க. இன்னைக்கு மலை எப்படி இருக்கு?"

அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "அட!" என்றார்.

இளவரசன் எழுந்து வந்தான். ரொம்பக் கவலையான முகம். "அப்ப... அந்த ரெண்டு பசங்க? பெரியவன் ஒன்பதாவதுன்னீங்களே?"

அவள் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். "தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

"கீழ்பென்னாத்தூர்ல கண்ணாயிரம் ஐயா மாட்டுக்கு ஊசி போடப் போயிருந்தேன். எம் பொண்ணு பச்சை லுங்கியைத் தூக்கிட்டுப் போய் மலை தச்சிருக்குது சார், நடு மலை நான்தான்னு ஊரையே கூட்டிச் சொல்லிட்டிருந்தாரு. அப்பதான் புரிஞ்சுது. அன்னைக்கு என் தலையில விழுந்தது உங்க அப்பா லுங்கி."

அப்பா... அவள் மறைத்ததை அவர் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாரா! கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் கூடவே வந்தது.

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"நீங்களே சொல்லணும்னு இருந்தேன். உங்க தையல், உங்க வாயால." அவன் குரல் இறங்கியது. விளையாட்டு போய்விட்டது. "முதல் நாளே எனக்கு ரெண்டு பேரைப் பிடிச்சுப் போச்சுங்க. இதைத் தச்சவங்களை. அப்புறம் மழையில படியிறங்கி ஓடி வந்த பொண்ணை. ரெண்டும் ஒரே ஆளுன்னு தெரிஞ்ச அன்னைக்கு... எனக்குத் தூக்கமே வரல."

காபிக் கடையின் இரைச்சல் எல்லாம் எங்கோ தூரத்தில் போய்விட்டது.

அவள் பேனாவைத் திறந்து அட்டையில் எழுதினாள். சிந்துஜா கண்ணாயிரம். கடைசி எழுத்து மேலே ஏறிக்கொண்டது. வேறு அட்டை கேட்காமல், போர்வைக்குக் கீழே அதையே குத்தினாள். பிறகு திரும்பி, முதல் முறையாக அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"அடுத்தது ஒண்ணு தைக்கப் போறேன், டாக்டர். பெருசா... ரெண்டு பேர் போத்திக்கற மாதிரி." மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்க லுங்கி ஒண்ணு வேணும்."

அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு, இந்த முறை கண்ணும் வாயும் சேர்ந்தே...

"புதுசா வாங்கித் தரட்டுமா?"

"வேணாம்" என்றாள் சிந்துஜா. "நீங்க கட்டினதுதான் வேணும்."